கேட்காமல் நாள் சொன்ன பெட்டி

ஆவணி (ஓகஸ்ட்) 4, திங்கள்

சோளகக் காற்று விடியவே தொடங்கிவிட்டது. கொடியில் போட்ட சேலை பக்கத்து வளவில். வெங்காயம் காயவைத்த சாக்குகள் பாதி புரண்டு கிடந்தன. என் கணவர் கபிலன் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் கல் வைத்தார்.

செய்ய வேண்டியவை: சாதாரண தரப் பிள்ளைகளுக்கு மாதிரி வினாத்தாள். காஸ் சிலிண்டர். தையல்காரியிடம் சட்டை (மூன்றாவது தடவை, இந்தமுறை ஏசவேண்டும்). என் திதிப்பெட்டி மென்பொருளுக்கு வந்த கடிதங்கள் ஆறு.

ஆறில் ஒன்று மரியாதைக்காரனிடமிருந்து. உண்மைப் பெயர் தெரியாது, ஊர் தெரியாது, பெயருக்குப் பக்கத்தில் ஒரு சூரியகாந்திப் படம் மட்டும். இரண்டு மாதமாக எழுத்துப்பிழை, ஓட்டை உடைசல் எல்லாம் திருத்தி அனுப்புகிறான். ஒவ்வொன்றிலும் வணக்கம், நன்றி, சிரமத்துக்கு மன்னிக்கவும். நல்ல பிள்ளை. இவனைப் போல இன்னும் நாலு பேர் இருந்தால் நான் மத்தியானத்தில் கொஞ்சம் படுக்கலாம்.

பின்னேரம் பக்கத்து வீட்டுச் செல்வமக்கா மதிலுக்கு மேலால் கூப்பிட்டார். முகம் முழுக்கச் சிரிப்பு. கணவர் சிவமண்ணையின் ஆட்டைத் திவசம் இந்த மாதம். அவர் போய் ஒரு வருடமாகிறது. ரொறன்ரோவிலிருந்து மகள் தர்சினி வருகிறாள்.

"பதினெட்டாந் திகதி எண்டு போனிலை காட்டினதாம் பிள்ளை. அதைப் பாத்துத்தான் ரிக்கற் போட்டவள். பதினேழு விடியக் கட்டுநாயக்கா, பொழுதுபட இஞ்சை."

"அந்தப் போன் பஞ்சாங்கத்துக்கு உள்ளுக்கை இருக்கிறது என்ரை பெட்டிதான் அக்கா."

சொல்லாமல் இருந்திருக்கலாம். பெருமை விடவில்லை.

"உன்ரையோ? கோதாரி, எனக்கு இவ்வளவு நாளும் தெரியாதே."

விளக்கினேன். நாளைக் கொடுத்தால் திதி சொல்லும், திதியைக் கொடுத்தால் நாள் சொல்லும். திறந்த மூலநிரல் பொதி, அதாவது ஆரும் எடுக்கலாம், பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம், தங்கள் செயலிக்குள் வைக்கலாம். யார் யார் வைத்திருக்கிறார்கள் என்று எனக்கே தெரியாது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்.

"அப்ப உதிலை பிழை வந்தால் ஆரைப் பிடிக்கிறது?"

"என்னைத்தான்."

இரண்டு பேரும் சிரித்தோம். முருங்கைக்காய் நாலு தந்தார்.


ஆவணி 5, செவ்வாய்

இடியப்பம், சொதி. காற்று அப்படியே.

குருநகர் அன்ரன் அண்ணை எழுதியிருக்கிறார். நேரில் பார்த்ததில்லை. படகுகளின் ஜிபிஎஸ், மீன் காட்டும் கருவி எல்லாம் திருத்துபவர், கடலுக்கும் போகிறவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். அவருக்குத் திதிப்பெட்டியால் திவசமும் பார்க்க வேண்டியதில்லை, கொடியேற்றமும் பார்க்க வேண்டியதில்லை. இறாலுக்கு நிலவு எப்போது, இருட்டு எப்போது என்று தெரிந்தால் போதும். ஒரு வருடமாக இடைக்கிடை எழுதுவார். இன்றைய கடிதத்தை அப்படியே இங்கே எழுதி வைக்கிறேன். எனக்குத் தண்டனையாக.

"ரீச்சர், ஒரு சின்ன விசயம். முன்னம் எந்தப் பஞ்சாங்கம் எண்டு சொல்லாமல் கேட்டால் உங்கடை பெட்டி ஏசும். வாக்கியமோ திருக்கணிதமோ, சொல்லிப்போட்டுக் கேள் எண்டு அதிலையே நிண்டுவிடும். போன கிழமை புதுசு போட்டனான். இப்ப ஏசேல்லை. கேக்காமல் நாள் சொல்லுது. தெரிஞ்சுதான் மாத்தினீங்களோ?"

தெரியாது. அதுதான் பதில்.

தேடிப் பார்த்தேன். ஆடி 12, சனி. மரியாதைக்காரன் அனுப்பிய மாற்றம், தலைப்பு "பாவிப்பதை இலகுவாக்கல்". உள்ளே ஏழு திருத்தங்கள். ஆறு நல்லவை. ஏழாவது ஒரே ஒரு வரி: பாவிப்பவர் எதுவும் சொல்லாவிட்டால் திருக்கணிதம் என்று எடுத்துக்கொள். ஏற்றுக்கொண்டது யார்? நான். எங்கே இருந்து? அதுவும் நினைவு வந்தது. சாமத்திய வீடு, பூப்பு நீராட்டு. பிள்ளை மூன்றாவது உடுப்பு மாற்றி வரும் வரைக்கும் வீடியோக்காரன் எல்லோரையும் கதிரையில் இருத்தி வைத்திருந்தான். மடியில் போன். பெருவிரலால் 'சரி'யை அழுத்தினேன். வாசிக்கவில்லை. அனுப்பியவன் நல்ல பிள்ளை என்பதால் வாசிக்கவில்லை.

பெட்டி ஏன் ஏசும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. எங்கள் வீடு திருக்கணிதம். கபிலன் வீடு வாக்கியம். ஒரே சந்திரனுக்கு இரண்டு கணக்கு, சில மணித்தியால வித்தியாசம், சில மாதத்தில் அது ஒரு முழு நாளாகிவிடும். ஒன்பது வருடத்துக்கு முன் எங்கள் கல்யாணத்துக்கு இரண்டு பஞ்சாங்கமும் சம்மதிக்கும் நாள் ஒன்றைத் தேடித்தான் இந்தப் பெட்டியையே எழுதினேன். அம்மா இன்றைக்கும் அதைக் கலப்புத் திருமணம் என்றுதான் சொல்வார். அப்போதே முதல் வரியாக எழுதி வைத்தது: ஒரு வீட்டின் நாளை இன்னொருவர் தீர்மானிக்கக்கூடாது, கேட்க வேண்டும். முன்பு பெட்டி மறுத்ததால் செயலிகள் ஆளிடம் கேட்டன. இப்போது பெட்டி மறுப்பதில்லை, செயலிகளும் கேட்பதில்லை.

அப்போதுதான் தர்சினியின் ரிக்கற் நினைவு வந்தது. குசினிச் சுவரில் ஆணியில் தொங்கும் இரண்டு வீட்டுப் பஞ்சாங்கத்தையும் இழுத்து, சிவமண்ணையின் திதியைப் பார்த்தேன். அபரபக்கத் தசமி. வாக்கியம் 17. திருக்கணிதம் 18. செல்வமக்கா வீடு தலைமுறையாக வாக்கியம். பதினேழு மத்தியானம் படையல் முடிந்து, பாத்திரம் கழுவி, பொழுதுபடத்தான் தர்சினி வந்து இறங்குவாள்.

கபிலனிடம் சொன்னேன். 

"என்ரை மருந்துப் போத்திலையே ரெண்டு தரம் வாசிச்சுப்போட்டுத்தான் தாற ஆள் நீர்," என்றார்.

"ஓம்."

"சரி. அக்காட்டை எப்ப சொல்லப்போறீர்?"

"நாளைக்கு."

சொதியை மூடி வைத்தேன். 


ஆவணி 6, புதன்

காலையில் கோழைத்தனம். கிணற்றடிப் பக்கத்தால் சுற்றி ஒழுங்கைக்குப் போய், அக்காவின் கண்ணில் படாமல் ரியூசனுக்கு ஓடினேன். வகுப்பில் சைனுக்குப் பதில் கோசைன் எழுதினேன். பிள்ளைகள் சந்தோசமாகத் திருத்தினார்கள். ஒரு பெட்டை, "மிஸ்ஸுக்கும் பிழைக்குமோ," என்றாள். பிழைக்கும் பிள்ளை, பிழைக்கும்.

பதினொரு மணிக்கு நேரே செல்வமக்கா வீட்டு வாசல். அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். நின்றபடியே முழுதும் சொன்னேன். நாள் பதினேழு, பதினெட்டில்லை. பிழை தர்சினியில் இல்லை, போனில் இல்லை, என்னில்.

சுளகு நின்றது.

"அவள் நாள் சொல்லிப்போட்டாள் எண்டு நானும் பஞ்சாங்கத்தை விரிக்கேல்லைப் பிள்ளை. இண்டைக்குத்தான் ஐயரிட்டைப் போக இருந்தனான்." பிறகு மெதுவாக, "நாள் பிழைச்சால் அந்த மனுசன் பசியோடையெல்லே நிப்பார். பன்ரண்டரைக்கே சோத்துக் கோப்பையிலை தட்டுற ஆள்."

என்னால் தாங்க முடியவில்லை. அழுதுவிட்டேன். பெரிய ஆள் மாதிரிச் சொல்ல வந்து, அக்காவின் சேலைத் தலைப்பிலேயே மூக்கைத் துடைத்தேன்.

"இப்ப அழுது என்ன. கண்டுபிடிச்சிட்டாய்தானே."

"நான் கண்டுபிடிக்கேல்லை அக்கா. குருநகரிலை ஒராள்."

"வேதக்காரரோ?"

"ஓம்."

அக்கா என்னைப் பார்த்தார். வாய் கோணியது. பிறகு அடக்க முடியாமல் சிரித்தார். "பாத்தியே, சிவத்தின்ரை திவசத்துக்கு ஒரு வேதக்காரப் பிள்ளை காவல் நிண்டிருக்கு. அந்தாள் கேட்டால் துள்ளிக் குதிக்கும்."

அக்காவின் போனிலேயே தர்சினியை எடுத்தோம். அங்கே இன்னும் விடியவில்லை. ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை, அதுதான் கூடக் கஷ்டம்.

"அக்கா, அப்பான்ரை செத்தவீட்டுக்கும் நான் வந்து சேரேல்லை. விசாப் பேப்பர் ஒண்டும் சரிவராமல் கிடந்தது. இந்த நாளுக்காவது நிக்க வேணும் எண்டுதான்." கொஞ்சம் பொறுத்து, "மாத்தப் பாக்கிறன். ஆவணி எண்டபடியால் ஊருக்கு வாற எல்லாரும் பிளேனுக்கைதான். இடம் கிடக்கோ தெரியாது."

இடம் கிடைக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு வேண்டாம்.


ஆவணி 7, வியாழன்

ரியூசன் இல்லை. காலை முழுக்கப் பெட்டியோடு. அந்த ஒரு வரியை எடுத்தேன், மற்ற ஆறையும் விட்டேன், அவை நல்லவைதானே. பெட்டி திரும்ப ஏசுகிறது. கேட்க இனிமையாக இருந்தது.

புதிய வெளியீடு விட்டேன். கூடவே அறிவித்தல், தமிழிலும் ஆங்கிலத்திலும். எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை பிழை, யார் யாருக்குப் பாதிப்பு வரலாம், இனி என்ன செய்ய வேண்டும். கடைசி வரி: வாசிக்காமல் ஏற்றுக்கொண்டது நான். இதை எழுத அரை மணித்தியாலம் எடுத்தது. மூன்று தடவை "கவனக்குறைவு ஏற்பட்டது" என்று எழுதி மூன்று தடவையும் அழித்தேன். ஏற்பட்டதாம். தானாக மழை பெய்த மாதிரி.

போன் செயலிக்காரருக்குத் தனியாகக் கடிதம். கொழும்பில் இருக்கிறார். ஒரு மணித்தியாலத்தில் பதில்: இன்றைக்கே மாற்றுகிறேன், திகதி பார்த்தவர்கள் எல்லோருக்கும் போனில் செய்தி போகும். நல்ல மனிதர். இவருக்கும் முருங்கைக்காய் அனுப்பலாம்.

மத்தியானத்துக்குள் அறிவித்தலுக்குக் கீழே ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். நோர்வேயில் ஒரு ஐயா, தாயின் திதியை மாற்றி வைத்திருந்தாராம், சரியான நேரத்தில் பார்த்தேன் என்கிறார். லண்டனில் ஒருவர் கோபம். நியாயமான கோபம். எல்லோருக்கும் ஒவ்வொருவராகப் பதில் எழுதினேன்.

மரியாதைக்காரனும் எழுதினான். வணக்கம், நன்றி எல்லாம் வழமை போல. "திருக்கணிதம்தானே துல்லியமானது, ஏன் பின்னுக்குப் போகிறீர்கள்? நீங்கள் களைத்துப்போயிருக்கிறீர்கள் போல. சாவியை எனக்குத் தாருங்கள். பாரம் முழுவதையும் நான் எடுக்கிறேன்."

சாவி என்றால் புதிய வெளியீடு விடும் உரிமை. அது உலகத்தில் என் ஒருத்தியிடம் மட்டும் இருக்கிறது.

உண்மையைச் சொன்னால் ஆசையாக இருந்தது. சாவியைக் கொடுத்துவிட்டுச் செய்யக்கூடியவை: பூக்கன்று நடலாம். தையல் பழகலாம், தையல்காரியிடம் இனிப் போகத் தேவையில்லை. போனை ஒரு முழு நாள் அலுமாரிக்குள் பூட்டி வைக்கலாம். இந்த இரண்டு நாள் பட்ட பாடு இனி எப்போதும் வராது.

கபிலன் வெங்காயத் தாள் வெட்டிக்கொண்டே கேட்டார். "ஆள் ஆர்?"

"தெரியாது. நல்ல மரியாதை."

"நாளைக்கு ஒருத்தன் படலைக்கை வந்து நல்லா வணக்கம் சொல்லுறான் எண்டு எங்கடை கிணத்து மோட்டரை விட்டுட்டுப் போவீரோ? எங்கடை தோட்டம் மட்டுமே, கீழ்ப்பக்கத்து நாலு தோட்டமும் அதிலைதான்."

"நல்லா வேலை செய்யிறான்."

"வேலை செய்யட்டும். பிழைச்ச நாளிலை எங்கை நிண்டவன்?"

போய்ப் பார்த்தேன். அறிவித்தலுக்குக் கீழே இருபது பேர் அழுது, ஏசி, கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்த வரியை எழுதியவன் ஒருவருக்கும் ஒரு சொல் எழுதவில்லை. அவன் கெட்டவன் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. ஆனால் அவனுக்கு அந்த ஆட்கள் கண்ணில் தெரியவில்லை.


ஆவணி 8, வெள்ளி

பறுவம், முழுநிலவு. கடலுக்குப் போகாத நாள் என்பதால் அன்ரன் அண்ணை வீட்டில் இருப்பார் என்று கணக்குப் போட்டு, மோட்டார் சைக்கிளில் கபிலனும் நானும் குருநகருக்கு. வல்லை வெளியில் காற்று எங்களைத் தள்ளி விழுத்தப் பார்த்தது. என் தலைக்கவசம் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

நினைத்ததைவிடப் பெரிய ஆள். நரைத்த தாடி, மூக்குக்கண்ணாடி நெற்றியில். மேசையில் திறந்தபடி மீன் காட்டும் கருவி, உள்ளே உப்புப் பூத்திருந்தது. "உப்பு ரீச்சர். எல்லாத்தையும் சாப்பிடும்," என்றார். கைகுலுக்க வந்தவர் கையில் எண்ணெய் என்று பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

மனைவி ஜசிந்தா சாப்பாடு போட்டார். நண்டுக் கறி. வெள்ளிக்கிழமை. நானும் கபிலனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"கடவுளே, உங்களுக்கு வெள்ளி மச்சம் இல்லையெல்லே," என்றார் ஜசிந்தா. "எங்களுக்கும் வெள்ளி இறைச்சி இல்லை. ஆனால் நண்டு இறைச்சி இல்லைத்தானே எண்டு நான்."

பருப்பும் கீரையும் ஐந்து நிமிடத்தில் வந்தன. கபிலன் நண்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே பருப்புச் சோறு சாப்பிட்ட விதத்தைப் படம் எடுத்து வைத்திருக்க வேண்டும். வரும்போது ஜசிந்தா ஒரு டப்பாவில் கட்டித் தந்தார், நாளைக்கு என்று.

சாப்பிட்டபின் அன்ரன் அண்ணையிடம் கேட்டேன். திதிப்பெட்டியை என்னோடு சேர்ந்து பார்க்க வேண்டும். இரண்டாவது சாவி. இனி ஒருவர் அனுப்பும் மாற்றத்தை மற்றவர் வாசிக்காமல் வெளியீடு இல்லை.

அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டார். "நான் வேதக்காரன் ரீச்சர். திவசம் பாக்கிற பெட்டிக்கு நானோ?"

"உங்களுக்கு ரெண்டு பஞ்சாங்கத்திலையும் சொந்தக்காரர் இல்லை அண்ணை. எங்கடை ஆக்களிலை அப்பிடி ஒராளை நான் எங்கை தேடுறது?"

ஜசிந்தா உள்ளேயிருந்து சிரித்தார். அன்ரன் அண்ணை சிரிக்கவில்லை, யோசித்தார். பிறகு கேள்விகள். பாதி நாளுக்கு மேல் தள்ளி வரும் திதிக்கு எந்த நாள் போடுகிறீர்கள்? பழைய வெளியீட்டை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு எப்படித் தெரிவிக்கிறீர்கள்? ஆர் ஆர் பாவிக்கிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? கடைசியாக, "நீங்கள் வருத்தமாய்ப் படுத்தால் ஆர் பாப்பினம்?"

நாலாவதை நானே என்னிடம் கேட்டதில்லை. ஒன்பது வருடமாக இல்லை. வெட்கமாக இருந்தது.

"ஞாயிறு பூசை முடிய யோசிச்சுச் சொல்லுறன்," என்றார்.

சாவி கேட்டு எழுதியவன் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. சாவிக்குத் தயங்கியவர் நாலு கேள்வி கேட்டார். திரும்பி வரும்போது இதைக் கபிலனின் காதுக்குள் கத்திச் சொன்னேன். காற்றில் ஒன்றும் கேட்கவில்லையாம்.

தர்சினியிடமிருந்து ஒன்றும் இல்லை.


ஆவணி 10, ஞாயிறு

நல்ல நாள். முதலில் நல்ல நாள் என்று எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

விடியற்காலம் மதிலில் டங் டங் என்று சத்தம். செல்வமக்கா அகப்பையால் தட்டுகிறார். தர்சினிக்கு இடம் கிடைத்துவிட்டது. டோகாவில் எட்டு மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டுமாம், பரவாயில்லையாம். பதினாறு விடியக் கட்டுநாயக்கா, பின்னேரம் வீடு. இரண்டு பேரும் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். என் வயது முப்பத்தாறு, அக்காவுக்கு அறுபத்திரண்டு. கபிலன் பார்த்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

பத்தரைக்கு அன்ரன் அண்ணை. வட்சப்பில் ஒரே சொல்: "ஓம்."

மரியாதைக்காரனுக்குப் பதில் எழுதினேன். உங்கள் ஆறு திருத்தங்களுக்கும் நன்றி, இன்னும் அனுப்புங்கள், வாசிப்போம். சாவி தர முடியாது. முதலில் அந்த இருபது பேருக்கு ஒரு வரி எழுதுங்கள், அவர்கள் உங்களுடைய ஆட்களும்தான்.

பிறகு இரண்டாவது சாவி கொடுக்கும் வேலை. பத்து நிமிட வேலை. ஒன்பது வருடமாகச் செய்யாமல் இருந்தது. செய்து முடித்தபோது தோள் இரண்டும் கீழே இறங்கின, அதுவரை மேலே தூக்கி வைத்திருந்தேன் என்பதே தெரியாது.

நண்டு நேற்றே முடிந்துவிட்டது. கபிலன் கோதைக்கூட விடவில்லை.


ஆவணி 13, புதன்

காஸ் வந்தது. சட்டை வரவில்லை. தையல்காரிக்குக் காய்ச்சலாம், ஏச முடியவில்லை.

அன்ரன் அண்ணை வேலை தொடங்கிவிட்டார். கடலுக்குப் போய் வந்து, குளித்து, பால் விடாத பிளேன்ரீயோடு இருந்துகொண்டு பழைய கடிதங்கள் எல்லாவற்றையும் வாசித்திருக்கிறார். நான் பதில் போடாமல் விட்ட பதினொன்றைக் கண்டுபிடித்துப் பட்டியல் போட்டு அனுப்பினார். கீழே, "குறை நினைக்க வேண்டாம் ரீச்சர்." குறையா? வெட்கமும் சந்தோசமும் சரிக்குச் சரி.

பாவிப்பவர்கள் தங்கள் செயலியின் பெயரைப் பதிந்து வைக்க ஒரு பக்கம் திறந்தோம். இனி ஒன்று பிழைத்தால் யாரிடம் ஓட வேண்டும் என்று தெரியும்.

மரியாதைக்காரன் இன்று அறிவித்தலுக்குக் கீழே எழுதியிருக்கிறான். "நான்தான் அந்த வரியை எழுதியவன். இது இப்படி ஆட்களின் வீட்டுக்குள் போகும் என்று நினைக்கவில்லை." வணக்கம் இல்லை, நன்றி இல்லை. முதல் தடவையாக ஒரு மனிதன் எழுதிய மாதிரி இருந்தது. லண்டன்காரர் அவனுக்கு இரண்டு வரி ஏசிவிட்டு மூன்றாவதில் பரவாயில்லை என்று எழுதியிருந்தார்.


ஆவணி 16, சனி

தர்சினி வந்துவிட்டாள். வான் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே செல்வமக்கா படலைக்கு ஓடினார், ஒரு காலில் செருப்பு இல்லை. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் மதிலோரம் நின்று கத்தரிச் செடிக்கு வீணாகத் தண்ணீர் ஊற்றினேன்.

குளித்து, தேத்தண்ணி குடித்துவிட்டு அவளே வந்தாள். போனை நீட்டினாள். "அக்கா, உங்கடை பெட்டி இப்ப என்னை ஏசுது."

செயலியில் கேள்வி: உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம்?

"எனக்குத் தெரியேல்லை. டோகாவிலை இருந்து அம்மாக்கு எடுத்தன். உதைக் கேக்கத்தான் எடுத்தன், அம்மா அப்பா கல்யாணம் கட்டின நாள் வைச்ச கதை, அம்மம்மா வீட்டிலை சண்டை பிடிச்ச கதை எல்லாம் வந்தது. எட்டு மணித்தியாலம் போனதே தெரியேல்லை."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். தோளில் ஒரு அடி போட்டாள். போதும் அக்கா என்றாள்.


ஆவணி 17, ஞாயிறு

அபரபக்கத் தசமி. வாக்கியம்.

விடிய மூன்று பெண்களும் குசினிக்குள். கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணி, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். நான் தேங்காய் மட்டும் துருவினேன், மற்றதில் கை வைக்க விடவில்லை. "நீ வாசிக்கிற வேலையைப் பார்," என்றார் செல்வமக்கா. இது இனி ஆயுளுக்கும் தொடரும் என்று நினைக்கிறேன்.

ஐயர் நேரத்துக்கு வந்தார். தர்சினிதான் இலை விரித்தாள், தானே எல்லாவற்றையும் படைத்தாள். படத்தில் சிவமண்ணை பஸ் சாரதியாக இருந்த காலத்துச் சிரிப்போடு. பன்னிரண்டரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முடிந்தது. செல்வமக்கா மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு, "இண்டைக்கு ஆள் தட்டத் தேவையில்லை," என்றார். தர்சினி அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். அவ்வளவு நாள் அவளிடம் கிடந்த ஏதோ ஒன்று இறங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் அழுகை. சந்தோசத்தில்தான்.

அன்ரன் அண்ணையும் ஜசிந்தாவும் பூசை முடித்து நேரே வந்தார்கள், செல்வமக்கா ஆள்விட்டுக் கூப்பிட்டிருந்தார். அக்கா அவரைப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, "இவர்தான் அந்தப் பிள்ளை," என்று சிவமண்ணைக்கு அறிமுகம் செய்து வைத்தார். அன்ரன் அண்ணை சிலுவை போட்டுவிட்டுக் கும்பிட்டார். பிறகு மூன்று தடவை பால்கறி வாங்கினார்.

கபிலன் ஜசிந்தாவின் பக்கத்தில் இருந்து நண்டு எப்படி வைக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தார். திவச வீட்டில். நான் முறைத்தேன், பலன் இல்லை.


ஆவணி 18, திங்கள்

காற்று குறைவு. வெங்காயம் கட்டத் தொடங்கியாயிற்று. சட்டை வந்துவிட்டது, கை இறுக்கம்.

நேற்றைய சந்தோசத்தில் விடியவே இருந்து ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு தடவையும் எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்பது ஆட்களுக்குக் கரைச்சல்தானே. ஒருதரம் சொன்னால் பெட்டி அதை நினைவில் வைத்துக்கொள்ளும்படி எழுதினேன். அழகான வேலை. இருபத்தெட்டு வரி. இப்படிச் சுத்தமாக எழுதி ஒரு வருடம் இருக்கும். அன்ரன் அண்ணைக்கு அனுப்பிவிட்டுச் சாப்பிடப் பாண் வெட்டினேன்.

பத்து மணிக்குப் பதில்.

"ஏற்க முடியாது ரீச்சர். ஒரே போனிலை தாயும் பாப்பா, மருமகளும் பாப்பா. தாய் வீடு ஒரு பஞ்சாங்கம், மருமகளின்ரை வீடு மற்றது. தாய் சொன்னதைப் பெட்டி நினைவு வைச்சால் மருமகளுக்குக் கேக்காமல் நாள் சொல்லும். திரும்ப அதே பிழை. உங்கடை வீட்டிலையே ரெண்டும் இருக்குது, நீங்கள் இதை அனுப்பினது எனக்கு ஆச்சரியம்."

கோபம் வந்தது. பாண் கத்தியோடு கிணற்றடிக்கும் குசினிக்கும் நாலு தடவை நடந்தேன். ஒன்பது வருடம் என் பெட்டி. என் இருபத்தெட்டு வரி. வந்து எட்டு நாள் ஆன ஆள். திரும்ப வாசித்தேன். இன்னொருதரம் வாசித்தேன். ஒரு சொல் பிழையில்லை. நான் தனியாக இருந்திருந்தால் இது இப்போது ஊர் உலகம் முழுக்கப் போயிருக்கும்.

தோட்டத்துக்கு ஓடினேன். கபிலன் வெங்காயப் பிடிக்கு நடுவில் நிமிர்ந்தார்.

"அன்ரன் அண்ணை எனக்கு மாட்டன் எண்டுட்டார்," என்றேன்.

"அதுக்கேன் இப்பிடிச் சிரிக்கிறீர்?"